நடிகரின் சுயசரிதையும் வாசகரின் தீர்ப்பும்



பல ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் ஊர் வாசிகசாலையிலே ஒரு புத்தகம் இருந்தது. சார்ளி சப்ளின் எழுதிய சுயசரிதை அது. அட்டை கிழிந்து, முதுகிலே துணி ஒட்டப்பெற்று, பலர் கைபட்டு ஓரங்கள் மங்கிப்போன பிரதி. இரவல் பெறுவோர் புத்தகத்தில் எதையும் எழுதலாகாது என்ற கட்டளை உள்ளட்டையிலே ஒட்டப்பட்டிருந்தது. அந்தக் கட்டளையை மதித்தவர் சிலரே என்பதற்கு அப்புத்தகத்தின் ஓரங்களே சாட்சி.

அந்த ஓரங்களிலே மூன்று கையெழுத்துகளை நான் கண்டேன். முதலாமவர் பென்சிலால் எழுதியவர். சப்ளின் பெரிய மனிதர்களோடு விருந்துண்ட செய்திகள் வருமிடமெல்லாம் 'வீண் பெருமை' என்று எழுதிக்கொண்டு போயிருந்தார். இரண்டாமவர் நீல மை பிடித்தவர். 'இதை ஏன் மறைத்தார்?' என்பதே அவர் கேள்வி. ஏறக்குறைய பத்து இடங்களிலே அதே கேள்வியைக் கேட்டிருந்தார். மூன்றாமவர் நூல் முழுவதிலும் ஒரே ஓரிடத்திலேதான் எழுதியிருந்தார். சப்ளினின் தாயாருக்குச் சித்தம் கலங்கிய செய்தி வருகின்ற பக்கம் அது. அங்கே, மிகச் சிறிய எழுத்திலே, 'எங்கள் வீட்டிலும்' என்ற இரண்டு சொற்கள் மாத்திரம் இருந்தன.

நேயர்களே, பிரசித்தி பெற்ற நடிகர்கள் எழுதும் நூல்களை வாசகர்கள் எவ்வாறு ஏற்றுக்கொள்கிறார்கள், எவ்வாறு ஏற்றுக்கொள்ளல் தகும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். அந்த மூன்று கையெழுத்துகளும் இப்பொருளின் மூன்று பக்கங்கள் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

அரசியல் தலைவர் ஒருவர் தம் வரலாற்றை எழுதினால், அவரை அறிந்துகொள்ளும் நோக்கத்தோடு நாம் அதனை எடுக்கிறோம். விஞ்ஞானி ஒருவர் எழுதினாலும் அப்படியே. ஆனால், நடிகர் எழுதிய நூலை எடுக்கும்போது நமது நிலை வேறு. அவரை முன்னமே அறிவோம் என்ற எண்ணத்தோடு நாம் அந்நூலைத் திறக்கிறோம். அவர் சிரித்த சிரிப்பை நாம் பார்த்திருக்கிறோம். அவர் அழுதபோது நாமும் கூட அழுதிருக்கிறோம். இருண்ட கொட்டகையிலே இரண்டு மணி நேரம் அவருடைய முகத்தை, நம் வீட்டார் முகத்தைக்கூடப் பார்த்திராத அளவு அணுக்கமாகப் பார்த்திருக்கிறோம். ஆகவே, நூலிலே வருகின்ற மனிதர் நாம் அறிந்த அந்த முகத்தோடு பொருந்தாவிட்டால் நமக்குக் கோபம் வருகின்றது. யாரோ ஓர் அந்நியர் நம் உறவினரின் சட்டையை அணிந்துகொண்டு வாசலிலே வந்து நிற்பது போன்ற கோபம் அது.

அந்தக் கோபம் எனக்கும் வந்தது. அக்காலத்தில் எனக்கு வயது இருபது. சப்ளினின் நூலிலே பாதியை ஒரே மூச்சில் வாசித்தேன். பாதிக்கு மேல் பொறுமை இழந்து மூடிவைத்தேன். மூடிவைத்ததோடு நின்றிருந்தால் குற்றமில்லை. வாசிகசாலையிலே மாதந்தோறும் நடைபெறும் கூட்டத்தில் எழுந்து நின்று, அந்நூலைக் கண்டித்து அரைமணி நேரம் பேசினேன். கைதட்டலும் கிடைத்தது. கூட்டம் முடிந்தபின், எங்களுக்குப் படிப்பித்த முதிய ஆசிரியர் ஒருவர் என்னை அருகே அழைத்தார்.

"தம்பி, நீர் அந்தப் புத்தகத்தைக் கடைசிவரை வாசித்தீரோ?" என்று கேட்டார்.

நான் மௌனமாக நின்றேன்.

"சரி, அது போகட்டும். சப்ளின் உமக்கு என்ன கடன் பட்டிருந்தார் என்று இவ்வளவு கோபிக்கிறீர்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. அதன்பின் நடிகர் எழுதிய நூல் ஒவ்வொன்றை வாசிக்கும்போதும் அந்தக் கேள்வி என் பக்கத்திலே வந்து உட்கார்ந்துகொள்கிறது. எழுதியவர் நமக்கு என்ன கடன் பட்டிருக்கிறார்? எது கடன், எது கடன் அன்று? இதனைத் தீர்க்காமல் நாம் வழங்கும் தீர்ப்பெல்லாம் வழக்கைக் கேளாது வழங்கும் தீர்ப்பேயாகும்.

சப்ளினின் நூலையே முதலில் எடுத்துக்கொள்வோம். அது 1964ஆம் ஆண்டிலே வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து. 1952ஆம் ஆண்டிலே, தம்முடைய புதிய படத்தின் முதற் காட்சிக்காக இலண்டனை நோக்கிக் கப்பலிலே சென்றுகொண்டிருந்தபோது, அமெரிக்காவுக்குள் மீண்டும் நுழைவதற்குரிய அனுமதி அவருக்கு மறுக்கப்பட்டது. அதன்பின் சுவிற்சர்லாந்திலே குடியேறி, அங்கிருந்து எழுதிய நூல் இது. உலகமெங்கும் கோடிக்கணக்கானோரைச் சிரிக்கவைத்த ஒருவர், தாம் நாற்பது ஆண்டுகள் உழைத்த நாட்டின் கதவு அடைக்கப்பட்ட நிலையிலே என்ன சொல்லப்போகிறார் என்று உலகம் காத்திருந்ததில் வியப்பில்லை.

நூலின் முற்பகுதியைப் பற்றி வாசகரிடையே பெரிதும் கருத்து வேற்றுமை எழவில்லை. இலண்டனின் வறிய தெருக்களிலே கழிந்த பிள்ளைப் பருவத்தை அவர் அங்கே வருணிக்கிறார். தாயார் மேடைப் பாடகி. ஒருநாள், பாடிக்கொண்டிருக்கும்போதே அவருடைய குரல் உடைந்துபோகிறது. சபையோர் கூச்சலிட்டுக் கேலிசெய்கிறார்கள். தாயார் மேடையை விட்டு இறங்க, ஐந்து வயதுச் சிறுவனான சப்ளினை மேடையிலே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். பிள்ளை பாடுகிறான். சபையோர் மகிழ்ந்து காசுகளை எறிகிறார்கள். பாட்டை நிறுத்திவிட்டு, முதலில் காசைப் பொறுக்கிக்கொண்டு பின்னர் பாடுகிறேன் என்று பிள்ளை அறிவிக்கிறான். சபை அதிரச் சிரிக்கின்றது. அன்று மேடையிலே மகனுடைய வாழ்வு தொடங்கியது. தாயாரின் மேடை வாழ்வு முடிந்தது. இரண்டும் ஒரே மாலையில், ஒரே மேடையில் நிகழ்ந்தன.

பின்னர் ஏழைகள் விடுதி. தந்தையார் குடியினால் இளவயதிலேயே இறந்துபோனது. அதன்பின் தாயாரின் சித்தக் கலக்கம். ஒருநாள் சிறுவன் வீடு திரும்பும்போது, அயலிலுள்ள பிள்ளைகள் அவனிடம் அந்தச் செய்தியைச் சொல்கிறார்கள். அவனுடைய தாய் வீடுவீடாகச் சென்று, பிள்ளைகளுக்குப் பிறந்தநாட் பரிசு என்று கூறி நிலக்கரித் துண்டுகளைக் கொடுத்துத் திரிந்தாளாம். பதினான்கு வயதுப் பிள்ளை தன் தாயைக் கைப்பிடித்து மருத்துவமனைக்கு நடத்திச் செல்கிறான். நேயர்களே, எங்கள் வாசிகசாலைப் பிரதியில் 'எங்கள் வீட்டிலும்' என்று எழுதப்பட்டிருந்த பக்கம் இதுதான்.

இனிப் பிற்பகுதி. இங்கேதான் வாசகர் இரண்டு கட்சியாகப் பிரிந்தனர். படங்களை எவ்வாறு உருவாக்கினார், ஒரு காட்சியை எத்தனை முறை திரும்பத் திரும்ப எடுத்தார், அந்தத் தொப்பியும் கைத்தடியும் கொண்ட நாடோடியின் உள்ளம் எவ்வாறு வளர்ந்தது என்பவற்றை அறிய விரும்பியவருக்குக் கிடைத்தது கொஞ்சமே. அதற்குப் பதிலாக அரசர், அமைச்சர், அறிஞர், செல்வர் என்று அவர் சந்தித்த பெரியோரின் வரிசை நீண்டுகொண்டே போகின்றது. பென்சில்காரரின் 'வீண் பெருமை' என்ற குறிப்பு இந்தப் பக்கங்களுக்கு உரியது. அந்தக் குறிப்பில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், பசித்த வயிற்றோடு பெரியவர்களின் வீட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளை ஒருவன், பின்னாளில் அந்த வீடுகளுக்குள்ளே அழைக்கப்பட்டான் என்றால், எந்த எந்த வீட்டிலே என்ன உண்டான் என்று எண்ணிப் பார்ப்பது மனித இயல்பு அல்லவா? முற்பகுதியைப் படித்து இரங்கிய நாம், அந்த வறுமையின் மறுபக்கந்தான் பிற்பகுதி என்பதை உணரத் தவறிவிட்டோம்.

நான் பாதியிலே மூடிவைத்ததால் இழந்தது ஒன்றையும் சொல்ல வேண்டும். 1931ஆம் ஆண்டிலே சப்ளின் இலண்டனில் மகாத்மா காந்தியைச் சந்தித்தார். இயந்திரங்களை அவர் ஏன் வெறுக்கிறார் என்று கேட்டார். காந்தியடிகள் தம் நாட்டின் நிலையைக் கொண்டு அதற்கு விளக்கம் அளித்தார். இச் சந்திப்பு நூலிலே இருக்கின்றது. ஐந்து ஆண்டுகளின் பின், 1936இல், இயந்திரத்தின் பற்சக்கரங்களுக்கிடையே அகப்பட்ட தொழிலாளியைக் காட்டும் சப்ளினின் படம் வெளிவந்தது. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துச் சிந்திக்கும் வாய்ப்பை, பாதியிலே புத்தகத்தை மூடியவன் இழந்தான் என்பதையே சொல்கிறேன்.

நீல மைக்காரரின் கேள்வி இதனினும் கடினமானது. 'இதை ஏன் மறைத்தார்?' சப்ளின் பலவற்றை மறைத்தார் என்பது உண்மை. அவருடைய இரண்டாம் மனைவி லீட்டா கிறே. அந்த மணவாழ்வு 1924இல் தொடங்கி 1927இல் மணமுறிவில் முடிந்தது. பத்திரிகைகள் பரபரப்போடு எழுதித் தள்ளிய வழக்கு அது. நூலிலோ அவருடைய பெயரே இல்லை. தமக்கு அன்பான இரண்டு புதல்வர் அம்மணத்தின் வழி இருப்பதால் விவரங்களுக்குள் புகப்போவதில்லை என்ற கருத்தைச் சில வரிகளிலே கூறிவிட்டு, அப்பால் நகர்ந்துவிடுகிறார். அதேபோல ஸ்ரான் லோறல் என்பாரின் பெயரும் அந்நூலில் இல்லை. 'லோறல் – ஹார்டி' என்ற இணையாகப் பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற அதே லோறல்தான். 1910ஆம் ஆண்டிலே ஒரே நாடகக் குழுவில் சப்ளினோடு அமெரிக்காவுக்கு வந்தவர். அவரோடு ஒரே அறையிலே தங்கியவர்.

இவ்விரண்டு மௌனங்களும் ஒன்றா? அக்காலத்தில் ஒன்றென்றே எண்ணினேன். இப்போது அப்படி எண்ணவில்லை. முதலாவது, பிறருடைய மனம் நோகாதிருத்தற்பொருட்டுக் கைக்கொண்ட மௌனம். மனைவியைப் பற்றித் தம் பக்கத்து நியாயத்தைச் சொல்ல அவருக்கு எவ்வளவோ இருந்திருக்கும். பிள்ளைகளுக்காக அதனை விழுங்கிக்கொண்டார். லீட்டா கிறே தம் பக்கத்தை 1966இல் தாமே ஒரு நூலாக எழுதினார். அது அவருடைய உரிமை. இரண்டாவது மௌனம், தன்னோடு உழைத்தவரின் பங்கை மறைக்கும் மௌனம். கூத்து முடிந்து விளக்கணைந்தபின், கூட ஆடியவனின் பெயரைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவது போன்றது அது. குறையை மறைப்பது நாகரிகம். பங்கை மறைப்பது கடன் மறுத்தல். நீல மைக்காரர் இரண்டுக்கும் ஒரே கேள்வியைக் கேட்டார். அதுவே அவருடைய பிழை. என்னுடைய பிழையும் அதுவே.

இனி, மறைத்ததனால் அன்றி, வெளிப்படையாகச் சொன்னதனால் வாசகரின் கோபத்துக்கு ஆளான நடிகர் ஒருவரைப் பார்ப்போம். அமெரிக்கத் தொலைக்காட்சியிலே 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான விண்வெளித் தொடர்கதை ஒன்றில், ஸ்பொக் என்னும் வேற்றுலக மனிதராக நடித்தவர் லெனார்ட் நிமோய். கூர்ந்த காதும், உணர்ச்சி காட்டாத முகமும், தருக்கம் தவறாத பேச்சும் கொண்ட அந்தப் பாத்திரம் அவரை உலகெங்கும் அறியச்செய்தது. அவர் 1975இல் 'நான் ஸ்பொக் அல்லன்' என்ற பொருள்படும் தலைப்பிலே தம் முதலாவது சுயசரிதையை வெளியிட்டார். தலைப்பைக் கண்ட இரசிகர் பலர் சினங்கொண்டனர். தமக்குச் சோறும் புகழும் தந்த பாத்திரத்தை இவர் வெறுத்து ஒதுக்குகிறார் என்று கருதினர். நூலை விரித்துப் பார்த்தவருக்கோ, உள்ளே நடிகரும் பாத்திரமும் ஒருவரோடொருவர் உரையாடுகின்ற பகுதிகளே இருந்தன. வெறுப்புள்ள இடத்தில் உரையாடலுக்கு ஏது இடம்? தலைப்பை மாத்திரம் வாசித்தவர்கள் நூலுக்குத் தீர்ப்பு வழங்கிவிட்டார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 1995இல், அதே நிமோய் மற்றுமொரு சுயசரிதை எழுதினார். அதற்கு அவர் இட்ட தலைப்பு 'நான் ஸ்பொக்' என்பது. முன்னைய தலைப்புத் தவறாக அமைந்துவிட்டது என்பதை அதிலே ஒப்புக்கொண்டார்.

வாசகர் வென்றார்கள் என்று இதனைச் சிலர் கொள்ளலாம். நான் அவ்வாறு கொள்ளவில்லை. ஒரு மனிதன், 'நான் போடும் வேடம் வேறு, நான் வேறு' என்று சொல்வது எத்துணைச் சாதாரண உண்மை! நம்மூர்க் கூத்திலே இராவணனாக ஆடியவர் விடிந்ததும் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போவதை நாம் பார்த்திருக்கிறோம். அவரிடம் போய் இலங்கையை ஆளச் சொல்வார் எவருமில்லை. ஆனால், திரையும் தொலைக்காட்சியும் வந்தபின் அந்த எளிய அறிவை நாம் இழந்துவிட்டோம். நடிகர் அதனை நினைவூட்டினால், நம்மை ஏமாற்றிவிட்டதாக அவர்மீதே பழி போடுகிறோம்.

நேயர்களே, சொல்லியது உண்மைதானா என்பது அடுத்த கேள்வி. டேவிட் நிவென் என்ற ஆங்கில நடிகர் 1971இல் வெளியிட்ட நூல், பல இலட்சம் பிரதிகள் விற்பனையானது. சிரித்துச் சிரித்து வயிறு நோகும்படியான சம்பவங்கள் நிறைந்தது. பிறருக்கு நிகழ்ந்தவற்றையும் தமக்கே நிகழ்ந்தனவாக அவர் சொல்லியிருந்தார் என்பது பின்னர் தெரியவந்தது. ஆயினும் வாசகரின் அன்பு குறையவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்லும் மாமாவிடம் யாரும் சத்தியக்கடதாசி கேட்பதில்லை அல்லவா? அந்த மனநிலையிலேயே அதனை ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு மாறாக, ஹெடி லமார் என்ற நடிகையின் பெயரில் 1966இல் ஒரு சுயசரிதை வெளிவந்தபோது, அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர் அந்த நடிகையேதான்! மறைவில் நின்று எழுதிக்கொடுத்தவர்கள் தம் வாழ்வைத் திரித்துவிட்டார்கள் என்பது அவருடைய முறைப்பாடு. புத்தகத்தின் அட்டையிலே ஒருவருடைய படமும் பெயரும் இருப்பதனால் மாத்திரம் உள்ளே உள்ள குரல் அவருடையதென்று கொள்ள முடியாது என்பதற்கு இது சான்று. மறைவில் நின்று எழுதுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. எழுத்துப் பழகாத ஒருவருக்கு எழுத்தறிந்தவர் துணைசெய்வது நல்லதே. அந்தத் துணைவரின் பெயரையும் அட்டையிலே போட்டுவிட்டால் வாசகன் ஏமாறமாட்டான்.

எல்லாவற்றினும் பாரதூரமானது மூன்றாம் ஆளின் விடயம். ஒருவருடைய வாழ்க்கையை எழுதும்போது அவருடைய வாழ்வு மாத்திரமா அதிலே வருகின்றது? பெற்றோர், மனைவி, மக்கள், நண்பர் அனைவரும் அதனுள்ளே இழுக்கப்படுகிறார்கள். இந்தி நடிகர் நவாசுதீன் சித்திக்கி 2017இல் தம் நினைவுகளை நூலாக வெளியிட முற்பட்டார். சிறிய ஊரிலே பிறந்து, பல ஆண்டுகள் சில்லறை வேடங்களிலே காலம் கழித்துப் புகழ் பெற்றவர் அவர். அந்த உழைப்பின் வரலாற்றை அறியப் பலர் ஆவலோடு இருந்தனர். ஆனால், தம்முடன் நெருங்கிப் பழகிய பெண்களைப் பற்றி அவர் அந்நூலில் எழுதியிருந்தவை வெளியானதும், தங்கள் சம்மதமின்றியும் உண்மைக்கு மாறாகவும் தங்களைப் பற்றி எழுதப்பட்டுள்ளதென்று அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். வாசகர் பலரும் அவர்கள் பக்கம் நின்றனர். நடிகர் மன்னிப்புக் கேட்டு, நூலையே மீளப் பெற்றுக்கொண்டார். உழைப்பின் கதையும் அதனோடு போயிற்று. தன் இரகசியத்தைச் சொல்ல ஒருவனுக்கு உரிமை உண்டு. பிறருடைய இரகசியம் தன்னிடம் வந்து சேர்ந்துவிட்டது என்பதனால் அது தன்னுடைய சொத்தாகிவிடாது.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் உண்டு. ஹொலிவூட் நடிகை ஜோன் குறோபோர்ட் 1977இல் காலமானார். அடுத்த ஆண்டிலே அவருடைய வளர்ப்பு மகள் ஒரு நூல் எழுதி, தாயார் தம்மைக் கொடுமைப்படுத்தினார் என்று உலகுக்கு அறிவித்தார். வளர்ப்புப் பிள்ளைகளுள் ஒரு சாரார் அதனை மறுத்தனர். இறந்தவர் எழுந்து வந்து விடை கூற முடியாது என்று சிலர் சினந்தனர். மூடிய கதவுக்குப் பின்னே பிள்ளைகள் படும் துன்பத்தைப் பேசுவதற்கு ஒருவர் துணிந்தார் என்று வேறு பலர் நன்றி கூறினர். இவ்வழக்கில் எக்கட்சி சரியென்று தூர இருந்து பார்க்கும் நாம் சொல்ல முடியாது. சொல்ல முடியாதென்பதை ஒப்புக்கொள்வதும் நல்ல வாசகனுக்குரிய இலட்சணமே.

மிக அண்மையில் நிகழ்ந்த ஒன்றையும் குறிப்பிட விரும்புகிறேன். அமெரிக்க நகைச்சுவை நடிகர் மத்தியூ பெரி 2022 நவம்பரிலே தம் நினைவுகளை வெளியிட்டார். மதுவுக்கும் மருந்துகளுக்கும் அடிமையாகித் தாம் பட்ட பாட்டை அவர் ஒளிவு மறைவின்றி எழுதியிருந்தார். நூல் வெளிவருமுன்னரே உலகம் பெரிதாகப் பேசியது எதைப் பற்றி? வேறொரு நடிகரைக் குறித்து அதிலே அவர் எழுதிவிட்ட கடுமையான சொற்களைப் பற்றியே. அதற்காக அவர் வருத்தம் தெரிவித்தார். பின்வரும் பதிப்புகளில் அப்பெயரை நீக்குவதாகவும் சொன்னார். மறு ஆண்டு ஒக்டோபரிலே, ஐம்பத்து நான்காவது வயதில் அவர் இறந்துபோனார். அதன்பின்னரே பலர் அந்நூலை எடுத்து, அதன் நடுவிலிருந்த துன்பத்தை நிதானமாக வாசித்தனர். மனிதன் உயிரோடு இருக்கையில் நூலின் ஓரத்தைப் பிடித்து இழுத்துவிட்டு, அவன் போனபின் நடுப்பக்கத்தைத் தேடுகிறோம். இது அந்த நடிகர் ஒருவருக்கு மாத்திரம் நேர்ந்த கதை அன்று.

இவையெல்லாம் கடல் கடந்த கதைகள் என்று நீங்கள் நினைக்கலாம். தமிழிலும் நடிகர் எழுதிய நூல்கள் உள. பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய 'நாடகமேடை நினைவுகள்' அவற்றுள் முதன்மையானது. சென்னையிலே 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர் அவர். வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்தவர். நடிப்பு இழிந்தோர் தொழில் என்று கருதப்பட்ட காலத்திலே கற்றோரை மேடையேறச் செய்தவர். அவருடைய நூலை வாசிப்போர் வியப்பது ஒன்றுண்டு. தம்முடன் பெண் வேடந் தாங்கி நடித்த ரங்கவடிவேலு அவர்களைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம், வெற்றியிலே நண்பருக்குரிய பங்கைத் தயங்காமல் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். சப்ளினின் நூலிலே நாம் தேடிக் காணாத ஒன்று இங்கே தேடாமலே கிடைக்கின்றது.

ஆறு வயதிலே, 1918ஆம் ஆண்டில், சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் நாடக சபையிற் சேர்ந்த ரி. கே. சண்முகம் அவர்கள் 1972இல் 'எனது நாடக வாழ்க்கை' என்ற நூலை வெளியிட்டார். ஒளவையாராக நடித்து, அப்பெயரையே தம் பெயருக்கு முன்னால் பெற்றவர் அவர். ஆசிரியரிடம் பாடம் கேட்ட பிள்ளையின் பயபக்தி, முதுமையில் எழுதிய அந்த நூலிலும் மாறாமல் இருக்கின்றது.

நம் நாட்டிலே, கலையரசு க. சொர்ணலிங்கம் அவர்கள் 1968இல் வெளியிட்ட நூலின் பெயர் 'ஈழத்தில் நாடகமும் நானும்' என்பது. பம்மல் சம்பந்த முதலியாரைத் தம் குருவாகக் கொண்டவர் அவர். அந்தத் தலைப்பைச் சற்றே உற்றுப் பாருங்கள். முதலிலே ஈழம். அடுத்ததாக நாடகம். கடைசியிலேதான் 'நான்'. ஒரு கலைஞன் தன்னை எங்கே நிறுத்திக்கொள்கிறான் என்பதற்கு அந்தச் சொல்வரிசையே விடை கூறிவிடுகின்றது. அந்நூல் இல்லாதிருந்தால், இந் நாட்டுத் தமிழ் நாடகத்தின் ஒரு தலைமுறை வரலாற்றை நாம் எங்கே போய்த் தேடுவோம்? நடிப்பு என்பது நீரிலே எழுதும் எழுத்து. திரை விழுந்ததும் அது மறைந்துபோகின்றது. நடித்தவரே எழுதிவைத்தாலன்றி அதற்குச் சாட்சி இல்லை.

ஆகவே, என் ஆசிரியர் கேட்ட கேள்விக்கு, காலந்தாழ்ந்தேனும், என் விடையைச் சொல்ல முற்படுகிறேன். நடிகர் தம் வாழ்வு முழுவதையும் நமக்குச் சொல்ல வேண்டிய கடன் இல்லை. எதைச் சொல்வது, எதை விடுவது என்பது அவருடைய உரிமை. ஆனால், சொல்லியதைத் தம் சொல்லாகவும் தாம் அறிந்த உண்மையாகவும் சொல்லுவது அவர் கடன். கூட உழைத்தவரின் பங்கைக் கொடுப்பது அவர் கடன். பிறருடைய மானத்தைத் தம் நூலுக்குச் சுவையூட்டும் பொருளாக்காமை அவர் கடன். இவற்றிலே தவறினால் நாம் தாராளமாகக் கண்டிக்கலாம்.

வாசகராகிய நமக்கும் கடன்கள் உண்டு. தலைப்பை மாத்திரம் வாசித்துத் தீர்ப்பு எழுதாமை ஒன்று. பாதியிலே மூடிய நூலைப் பற்றி மேடையேறிப் பேசாமை மற்றொன்று. வேடத்தையும் மனிதரையும் பிரித்தறிதல் இன்னொன்று. இக்கடன்களை நான் இருபது வயதிலே செலுத்தவில்லை. கைதட்டல் வாங்கிய அந்தப் பேச்சை நினைக்கும்போது இன்றும் எனக்கு நாணம் உண்டாகின்றது.

அந்த வாசிகசாலைப் பிரதி இப்போது இல்லை. பென்சில்காரரும் நீல மைக்காரரும் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்கள் இருவரோடும் இன்று இருந்து விவாதிக்க எனக்கு ஆசை. ஆனால், 'எங்கள் வீட்டிலும்' என்று எழுதிய அந்த மூன்றாமவரோடு விவாதிக்க எனக்கு ஒன்றுமில்லை. சித்தம் கலங்கிய ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு, அயலாருக்கும் சொல்லாமல் மறைத்து வாழும் குடும்பங்களை நாம் அறிவோம். அப்படியான ஒரு வீட்டிலிருந்து வந்த ஒருவர், உலகமே கொண்டாடிய ஒரு மனிதருக்கும் அதே துயரம் இருந்ததென்பதை அந்தப் பக்கத்திலே கண்டார். கட்டளையை மீறி இரண்டு சொற்களை எழுதினார். தன் வீட்டு வாசலுக்கு வெளியே அந்தச் செய்தியை அவர் சொல்லிய ஒரே இடம் அந்த ஓரமாகத்தான் இருந்திருக்கக்கூடும்.

அவருக்கு நூலின் பிற்பகுதி எப்படி இருந்ததோ, நான் அறியேன். அந்த ஒரு பக்கத்துக்காகவேனும் சப்ளின் அந்நூலை எழுதியது தகும் என்று மாத்திரம் நிச்சயமாகச் சொல்வேன்.